லோடு வண்டிக்கு எந்தப் பெட்ரோல்? ஆக்டேன் எண்ணும் மைலேஜும்: புதிதாக வண்டி எடுத்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

திருநெல்வேலிச் சீமையில் வாழைத்தார், காய்கறி, மளிகை என்று ஏதாவது ஏற்றித் தொழில் செய்வதற்காகப் புதிதாகப் பெட்ரோல் லோடு வண்டி எடுத்தவர், முதல் முறை டேங்க் நிரப்பப் போகும்போதே ஒரு கேள்வியைச் சந்திக்கிறார். "அண்ணாச்சி, சாதாவா, 95-ஆ?" என்று பங்கில் நிற்கும் பையன் கேட்கிறான். ஆக்டேன் எண் 95 என்று எழுதிய குழாயில் லிட்டருக்குச் சில ரூபாய் கூடுதல். அந்தக் கூடுதல் ரூபாய்க்கு வண்டி கூடுதல் கிலோமீட்டர் ஓடுமா என்பதுதான் கேள்வி. பெரும்பாலான சிறிய லோடு வண்டிகளுக்கு விடை 'ஓடாது' என்பதே. ஆனால் விதிவிலக்குகள் உண்டு. உங்கள் வண்டி எந்தப் பக்கம் என்பதை யார் சொல்லியும் நம்ப வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் நீங்களே அளந்து பார்த்துவிடலாம்.

வண்டி பெட்ரோல் வண்டிதானா?

கேட்பதற்கு வேடிக்கையாக இருந்தாலும் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். நம் சாலைகளில் ஓடும் பிக்கப் வண்டிகளில் பெரும்பாலானவை, பொலிரோ பிக்கப், தோஸ்த், யோதா போன்றவை, டீசல் வண்டிகள். டீசலுக்கு ஆக்டேன் எண் கிடையாது. அதற்கு உரியது சீட்டேன் எண். ஆக்டேன் என்பது எரிபொருள் தானாகத் தீப்பிடிப்பதை எவ்வளவு தூரம் எதிர்த்து நிற்கிறது என்பதைச் சொல்வது. சீட்டேனோ, பீய்ச்சியவுடன் எவ்வளவு விரைவாகத் தானே பற்றிக்கொள்கிறது என்பதைச் சொல்வது. இரண்டும் ஏறக்குறைய எதிரெதிர்க் குணங்கள். பிஎஸ்-6 என்னும் புகைக் கட்டுப்பாட்டுத் தரத்தில் டீசலின் சீட்டேன் எண் குறைந்தது 51 இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. டீசல் வண்டிக்காரர்கள் அந்த அளவில் இந்தக் கவலையை விட்டுவிடலாம்.

எனவே இந்தக் கட்டுரை, குட்டியானை என்று நம் ஊரில் அழைக்கப்படும் டாடா ஏஸின் 694 சிசி இரண்டு சிலிண்டர் பெட்ரோல் வகை, மாருதி சூப்பர் கேரி, பெட்ரோலிலும் சிஎன்ஜியிலும் ஓடும் இன்ட்ரா வி20 போன்ற வண்டிகளை வைத்திருப்பவர்களுக்கு உரியது. சிஎன்ஜியில் ஓடும் கிலோமீட்டருக்கும் பெட்ரோலின் ஆக்டேனுக்கும் தொடர்பில்லை என்பதால், இரட்டை எரிபொருள் வண்டிக்காரர்கள் பெட்ரோலில் மட்டும் ஓட்டிய தூரத்தைத் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அந்த எண் எதை அளக்கிறது?

பெட்ரோல் இன்ஜினில் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவையைப் பிஸ்டன் மேலேறி அழுத்துகிறது. ஸ்பார்க் பிளக்கின் பொறி அதைப் பற்றவைக்கிறது. தீ ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சீராகப் பரவிப் பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. தீ வந்து சேர்வதற்கு முன்பே, மறுமுனையில் மிஞ்சியிருக்கும் கலவை அழுத்தத்தாலும் சூட்டாலும் தானாக வெடித்துவிட்டால் அதுதான் நாக்கிங். அவ்வாறு தானாக வெடிக்காமல் தாக்குப்பிடிக்கும் திறனுக்குக் கொடுக்கப்பட்ட மதிப்பெண்ணே ஆக்டேன் எண். ஐசோ-ஆக்டேன் என்னும் பொருளுக்கு 100 என்றும், எளிதில் வெடிக்கும் என்-ஹெப்டேனுக்கு 0 என்றும் வைத்துக்கொண்டு, இவ்விரண்டின் எந்தக் கலவைக்குச் சோதனைப் பெட்ரோல் சமமாக நடந்துகொள்கிறதோ அந்த விகிதத்தை எண்ணாகச் சொல்கிறார்கள்.

இந்த விளக்கத்தில் சக்தி என்ற பேச்சே வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு லிட்டரில் எவ்வளவு வெப்பம் அடங்கியிருக்கிறது என்பதை ஆக்டேன் எண் சொல்வதில்லை. 91 ஆனாலும் 95 ஆனாலும், மற்ற சேர்மானம் ஒன்றாக இருந்தால், லிட்டருக்குக் கிடைக்கும் வெப்பம் ஏறத்தாழ ஒன்றுதான். உயர்ந்த ஆக்டேனால் பயன் பெற வேண்டுமானால், அதைப் பயன்படுத்தத் தெரிந்த இன்ஜினாக, அதாவது கலவையைக் கூடுதலாக அழுத்துவதாகவோ, டர்போ பொருத்தியதாகவோ, நாக்கிங் வராத வரையில் பொறியை முன்கூட்டியே கொடுக்கும் கணினி உடையதாகவோ இருக்க வேண்டும். குறைந்த ஆக்டேனுக்கு வடிவமைத்த சாதாரண இன்ஜினில் உயர்ந்த ஆக்டேனை ஊற்றினால், அந்தத் தாக்குப்பிடிக்கும் திறன் வேலையில்லாமல் வெறுமனே எரிந்து போகிறது.

கையேட்டைத் திறந்து பாருங்கள்

வண்டியோடு கொடுத்த கையேட்டில் எரிபொருள் பற்றிய பக்கத்தை எடுங்கள். டேங்க் மூடியின் உட்புறத்திலும் ஒட்டுத்தாள் இருக்கக்கூடும். அதில் மூன்று செய்திகளைத் தேட வேண்டும்: குறைந்தபட்ச ஆக்டேன் எண் என்ன, எத்தனால் கலப்பு எத்தனை சதவீதம் வரை தாங்கும், உயர்ந்த ஆக்டேனை நிறுவனம் கட்டாயம் என்கிறதா, பரிந்துரை என்கிறதா, ஒன்றும் சொல்லவில்லையா. 'கட்டாயம்' என்றிருந்தால் பேச்சுக்கே இடமில்லை, அதைத்தான் போட வேண்டும். ஒன்றும் சொல்லவில்லை என்றால் சாதா போதும். 'பரிந்துரை' என்று இருக்கும் வண்டிதான் அளந்து பார்க்கத் தகுந்தது.

இங்கே ஒரு குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிட வேண்டும். மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும் வளைகுடாவில் வண்டி ஓட்டித் திரும்பியவர்கள் இல்லாத தெரு அரிது. இணையத்தில் அமெரிக்கக் காணொளி பார்க்காத இளைஞரும் அரிது. முன்னவர் 91, 95 என்பார். பின்னவர் 87, 93 என்பார். சவூதியின் 91, 95 ஆகியவை நாம் பயன்படுத்தும் ஆர்.ஓ.என். என்னும் சோதனை அளவிலேயே சொல்லப்படுபவை; ஆகவே அவற்றை நம் எண்களோடு நேராக ஒப்பிடலாம். அமெரிக்கப் பங்குகளில் எழுதியிருப்பதோ ஆர்.ஓ.என்., அதைவிடக் கடுமையான எம்.ஓ.என். என்னும் இரண்டு சோதனைகளின் சராசரி. அங்கே 87 என்பது நம் அளவில் சுமார் 91 அல்லது 92 ஆகும். அமெரிக்கக் காணொளியில் 'பிக்கப்புக்கு 87 போதும்' என்று கேட்டுவிட்டு நம் பெட்ரோல் அதைவிட எவ்வளவோ உயர்ந்தது என்று நினைப்பது தவறு.

அந்த நாட்டின் பிக்கப்புகளில் செய்த சோதனைகள் நமக்கும் பயன்படும். அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏ.ஏ.ஏ., 2016இல் சாதாரணப் பெட்ரோலுக்கென வடிவமைத்த வண்டிகளில், டொயோட்டா டன்ட்ரா பிக்கப் உட்பட, உயர்ந்த ஆக்டேனைப் போட்டுப் பார்த்தது. சொல்லத்தக்க பயன் எதுவும் கிடைக்கவில்லை. 2017இல் உயர்ந்த ஆக்டேனைப் பரிந்துரைக்கும் வண்டிகளை, டர்போ இன்ஜின் கொண்ட ஃபோர்டு எஃப்-150 பிக்கப் உட்பட, சோதித்தபோது மைலேஜ் சராசரியாக 2.7 சதவீதம் கூடியது. இந்த 2.7 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் போடும்போது தேவைப்படும்.

ஆக்டேன் ஏறியது, மைலேஜ் இறங்கியது

நம் பங்குகளிலேயே நடந்த ஒரு மாற்றம், இந்த விஷயத்தை எந்தச் சோதனைச்சாலையையும்விடத் தெளிவாகக் காட்டுகிறது. இந்தியாவில் சாதாரணப் பெட்ரோலின் ஆக்டேன் முன்பு 88 ஆக இருந்தது; பின்பு 91 ஆனது; எத்தனாலை 20 சதவீதம் கலக்கும் ஈ20 பரவலான பிறகு 95 என்று மத்திய அரசே சொல்கிறது. அதாவது, சில ஆண்டுகளுக்கு முன்பு கூடுதல் விலை கொடுத்து வாங்கிய எண் இன்று சாதாக் குழாயிலேயே வருகிறது. அப்படியானால் எல்லோருடைய வண்டியும் முன்பைவிடக் கூடுதலாக ஓட வேண்டுமல்லவா? பழைய வண்டிக்காரர் யாரைக் கேட்டாலும் மைலேஜ் கொஞ்சம் குறைந்திருக்கிறது என்றுதான் சொல்கிறார்.

காரணம் எளிது. எத்தனாலின் ஆக்டேன் எண் 100க்கும் மேலே. ஆனால் ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 32 மெகாஜூல் வெப்பம் இருக்க, ஒரு லிட்டர் எத்தனாலில் சுமார் 21 மெகாஜூல்தான் இருக்கிறது. ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் கலந்தால் லிட்டருக்கு ஏறக்குறைய 7 சதவீத வெப்பம் குறைகிறது; ஏற்கெனவே 10 சதவீதம் கலந்த பெட்ரோலோடு ஒப்பிட்டால் குறைவு அதில் பாதிதான். நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையும், ஈ20 போடும்போது, எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து ஈ10க்கு (10 சதவீதக் கலப்புக்கு) சரிசெய்த நான்கு சக்கர வண்டிகளில் 6 முதல் 7 சதவீதம் வரையும், ஈ10க்கு வடிவமைத்து ஈ20க்குச் சரிசெய்தவற்றில் 1 முதல் 2 சதவீதமும் மைலேஜ் குறையக்கூடும் என்று மதிப்பிட்டது. இரண்டாம் வகை வண்டியில் இழப்பு குறைவாக இருப்பதற்குக் காரணம், உயர்ந்த ஆக்டேனை அந்த இன்ஜின் பயன்படுத்திக்கொண்டு வெப்பக் குறைவின் ஒரு பகுதியை ஈடுகட்டுவதுதான்.

ஆகவே பங்கில் நிற்கும்போது ஆக்டேன் எண்ணைவிட முக்கியமான கேள்வி, இந்த எரிபொருளில் எத்தனால் எவ்வளவு என்பதாகும். 95 என்று தனியாக விற்கும் வகையிலும் எத்தனால் கலந்திருக்கக்கூடும். அப்படியானால் அதற்கும் சாதாவுக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் இன்ஜினைச் சுத்தமாக வைக்கும் சேர்மானத்தில்தான் இருக்கிறது. அந்தச் சேர்மானத்திற்குப் பயன் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அது மெதுவாக வேலை செய்வது. ஒரு டேங்கில் கிலோமீட்டரைக் கூட்டித் தருவதன்று.

2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளின் குழாய், வாஷர் முதலியவை ஈ20ஐத் தாங்கும் பொருளால் செய்யப்பட்டவை. அதற்கு முந்தைய பழைய வண்டியை இரண்டாம் கையாக வாங்கியிருந்தால், பெட்ரோல் குழாய்களில் வெடிப்பும் கசிவும் இருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. கசிந்து போகும் பெட்ரோல் எந்த எண்ணாக இருந்தாலும் மைலேஜ் கொடுக்காது.

ஏற்றத்தில் காது கொடுத்துக் கேளுங்கள்

உங்கள் இன்ஜினுக்கு ஆக்டேன் போதவில்லையா என்பதைக் கண்டுபிடிக்கச் சிறந்த இடம் ஏற்றம். நம் பகுதி பெரும்பாலும் சமதளம். கன்னியாகுமரி நெடுஞ்சாலையில் நாங்குநேரி, வள்ளியூர் வழியாக எவ்வளவு ஓட்டினாலும் இன்ஜின் திணறுவதில்லை. பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறி ஏற்றிக்கொண்டு செங்கோட்டை தாண்டிப் புளியரை வளைவுகளில் கேரளத்துக்கு ஏறும்போதும், பாபநாசத்துக்கு மேலே மலைச்சாலையில் ஏறும்போதும்தான் அதன் உண்மை நிலை தெரியும். முழு லோடு, பங்குனி, சித்திரை வெயில், சூடேறிய இன்ஜின், குறைந்த வேகம் ஆகிய நான்கும் சேரும்போதே நாக்கிங் தலைகாட்டும்.

ரேடியோவை அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்கி, ஏற்றத்தில் மூன்றாம் கியரில் ஆக்சிலேட்டரை அழுத்தும்போது கவனியுங்கள். தகரக் குவளையில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவது போன்ற ஓசை இன்ஜின் பக்கத்திலிருந்து வந்தால் அது நாக்கிங். கியரைக் குறைத்ததும் ஓசை நின்றுவிட்டால், குறை பெட்ரோலிலா ஓட்டுவதிலா என்று முதலில் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். உயர்ந்த கியரில் இன்ஜினை இழுக்க வைப்பது நம் ஓட்டுநர்கள் பலருக்கும் உள்ள பழக்கம். கியர் மாற்றாமல் ஏறினால் பெட்ரோல் மிச்சம் என்று அவர்கள் நினைக்கிறார்கள். முழு லோடோடு ஏறும்போது அது உண்மையில் மிச்சமும் இல்லை, இன்ஜினுக்கு நல்லதும் இல்லை.

நாக்கிங் சென்சார் உள்ள புதிய வண்டிகளில் இந்த ஓசை காதில் விழாமலும் போகலாம். சென்சார் அதைக் கண்டவுடன், கணினி ஸ்பார்க் கொடுக்கும் நேரத்தைச் சற்றுத் தள்ளிப்போட்டு ஓசையை அடக்கிவிடுகிறது. நேரம் தள்ளிப்போவதால் இழுவை கொஞ்சம் குறையும். அதே வேகத்துக்கு ஓட்டுநர் ஆக்சிலேட்டரைக் கூடுதலாக மிதிப்பார். மைலேஜ் அங்கேதான் கரைகிறது. உயர்ந்த ஆக்டேன் உண்மையாகவே கிலோமீட்டரைக் கூட்டித் தரும் இடமும் இது ஒன்றுதான்.

ஓசை கேட்டுவிட்டது என்பதற்காக உடனே விலை கூடிய குழாய்க்குப் போக வேண்டாம். சிலிண்டருக்குள் படிந்த கரி, இன்ஜினுக்குப் பொருந்தாத ஸ்பார்க் பிளக், குளிர்நீர் குறைந்து சூடேறுவது, காற்றோடு சேரும் பெட்ரோல் தேவைக்குக் குறைவாக இருப்பது, கார்புரேட்டர் காலத்து வண்டியானால் தவறாக வைக்கப்பட்ட டைமிங் என்று நாக்கிங்குக்குக் காரணங்கள் பல. இவற்றைச் சரிபார்த்த பிறகும், சரியான கியரில் ஓட்டியும், ஓசை நிற்காவிட்டால் மட்டுமே ஆக்டேனை உயர்த்திப் பார்ப்பது முறை.

அளப்பது எப்படி

மைலேஜ் பற்றிப் பேசுகிறவர்களில் பெரும்பாலோர் அளப்பதில்லை. 'எண்ணூறு ரூபாய்க்குப் போட்டேன், இவ்வளவு ஓடியது' என்று தோராயமாகச் சொல்கிறார்கள். ரூபாய்க்குப் போடுவதை விட்டுவிட்டு டேங்க் நிரப்பும் முறைக்கு வாருங்கள்.

முதலில் வண்டியைத் தயார் செய்யுங்கள். டயர்களில் காற்றைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு, லோடு ஏற்றும் பின் டயர்களுக்கு அதற்குரிய அளவுக்கு, வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது நிரப்பிக்கொள்ளுங்கள். ஏர் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்யுங்கள் அல்லது மாற்றிவிடுங்கள். செம்மண் காட்டுப் பாதைகளில் போய்வரும் வண்டியில் அது எவ்வளவு விரைவாக அடைத்துக்கொள்ளும் என்பதை நேரில் பார்த்தால்தான் நம்புவீர்கள். பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கிறதா என்று சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள். இவற்றில் ஏதேனும் ஒன்று சோதனையின் நடுவில் மாறினாலும், ஆக்டேனால் வரக்கூடிய வேறுபாட்டை அது விழுங்கிவிடும்.

பின்பு, எப்போதும் ஒரே பங்கில், முடிந்தால் ஒரே குழாயில், வண்டியை ஒரே சமதளத்தில் ஒரே பக்கமாக நிறுத்தி, குழாய் தானாக முதல் முறை 'டக்' என்று நிற்கும் வரை நிரப்பச் சொல்லுங்கள். அதற்கு மேல் ஒரு சொட்டும் திணிக்க வேண்டாம். மீட்டர் பூஜ்யத்தில் தொடங்குகிறதா என்று பார்த்துவிட்டு ட்ரிப் மீட்டரையும் பூஜ்யமாக்குங்கள். அடுத்த முறை நிரப்பும்போது ஓடிய கிலோமீட்டரை, அப்போது போட்ட லிட்டரால் வகுத்தால் வருவது மைலேஜ். பங்கு சரியாக அளக்கிறதா என்ற ஐயம் இருந்தால், முத்திரையிட்ட ஐந்து லிட்டர் அளவுக் குவளையில் அளந்து காட்டும்படி கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. அளந்து காட்ட வேண்டியது பங்கின் கடமை.

இப்போது ஒரு கணக்கைக் கவனியுங்கள். குழாய் நிற்கும் இடம் ஒவ்வொரு முறையும் அரை லிட்டர் முன்னே பின்னே ஆகலாம். இருபது லிட்டர் நிரப்பும்போது அரை லிட்டர் பிழை என்றால் அது 2.5 சதவீதம். நாம் தேடும் வேறுபாடோ, பரிந்துரைக்கப்பட்ட வண்டிகளிலேயே 2.7 சதவீதம்தான். ஆகவே ஒரு டேங்க் சாதா, ஒரு டேங்க் 95 என்று போட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது செல்லாது. நான்கு முறை தொடர்ந்து நிரப்பி, மொத்தக் கிலோமீட்டரை மொத்த லிட்டரால் வகுத்தால், இடைப்பட்ட பிழைகள் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு முதல், கடைசி நிரப்புதலின் பிழை மட்டும் எஞ்சும். எண்பது லிட்டரில் அரை லிட்டர் என்பது 0.6 சதவீதம்தான்.

வரிசையும் முக்கியம். நான்கு டேங்க் சாதா, நான்கு டேங்க் 95, மறுபடியும் நான்கு டேங்க் சாதா என்று ஓட்டுங்கள். பெட்ரோலை மாற்றும்போது டேங்கில் பழையது மிஞ்சியிருக்கும். கணினியும் புதிய எரிபொருளுக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்ள நேரம் எடுக்கும். அதனால் மாற்றிய பிறகு வரும் முதல் டேங்கைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டு, அதற்கடுத்த நான்கைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசியில் மறுபடியும் சாதாவுக்கு வருவது ஏனென்றால், நடுவில் பருவமோ லோடோ மாறியிருந்தால் முதல் சாதாவும் கடைசிச் சாதாவும் பொருந்தாமல் போய் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். அப்படிப் பொருந்தவில்லையென்றால், 95-இன் கணக்கையும் நம்ப முடியாது.

நம் ஊரில் இந்தச் சோதனைக்குப் பெரிய பகை காற்று. வைகாசி முடிந்ததும் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் மேல்காற்று புகுந்து வீசத் தொடங்கிவிடும். காற்றாலைகளை அங்கே வரிசையாக நட்டு வைத்திருப்பதும் அதனால்தான். ஆனி, ஆடியில் தென்காசிச் சாலையில் ஆலங்குளம் தாண்டி மேற்கே போகும் வண்டி எதிர்காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறது; திரும்பும்போது அதே காற்று முதுகில் தள்ளுகிறது. வாழைத்தாரைக் கேபினுக்கு மேலே உயர அடுக்கியிருந்தால் இந்த விளைவு இன்னும் கூடும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிற ஊரில் நூற்றுக்கு மூன்று மைலேஜ் பறப்பதற்கு என்ன? ஆகையால் போன வழியே திரும்பி வரும் முழுச் சுற்றை மட்டும் கணக்கில் எடுங்கள். முடிந்தால் காற்று அடங்கிய மாசி, பங்குனியில் சோதனையை வைத்துக்கொள்ளுங்கள்.

நோட்டில் ஒவ்வொரு முறையும் தேதி, கிலோமீட்டர், லிட்டர், பெட்ரோல் வகை, ஏற்றிய லோடு, வழி ஆகியவற்றோடு, பங்கில் எழுதி வைத்திருக்கும் அடர்த்தி எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். பெட்ரோலின் அடர்த்தி 15 டிகிரியில் கன மீட்டருக்கு 720 முதல் 775 கிலோ வரை இருக்க விதி இடம் தருகிறது. ஒரே எத்தனால் அளவு கொண்ட இரண்டு லோடு பெட்ரோலில் அடர்த்தி கூடியது லிட்டருக்குச் சற்றுக் கூடுதல் வெப்பம் தரும். இரண்டு டேங்குகளுக்கு இடையே விளங்காத வேறுபாடு வந்தால் அந்த எண்ணைப் பாருங்கள். பல நேரங்களில் ஆக்டேன்மீது போடும் பழி அதற்கு உரியது.

அதிகாலையில் போட்டால் பெட்ரோல் சுருங்கியிருக்கும், லிட்டருக்குக் கூடுதலாகக் கிடைக்கும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. பெட்ரோல் ஒரு டிகிரி சூட்டுக்கு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு விரிவது உண்மை. ஆனால் பங்கின் தொட்டி மண்ணுக்கடியில் இருக்கிறது; காலைக்கும் மாலைக்கும் அங்கே சூடு மாறுவது மிகக் குறைவு. உங்களுக்கு வசதியான நேரத்தில் போடுங்கள், ஆனால் சோதனை முழுவதும் ஏறக்குறைய அதே நேரத்தில் போடுங்கள்.

ரூபாய்க் கணக்கு

அளந்து முடித்த பிறகு பார்க்க வேண்டியது கிலோமீட்டருக்கு ஆகும் செலவு. எடுத்துக்காட்டாக, சாதா லிட்டர் 101 ரூபாய், 95 லிட்டர் 109 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அன்றைய விலையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். விலை வேறுபாடு சற்றேறக்குறைய 8 சதவீதம். எனவே 95 போட்டதால் மைலேஜும் குறைந்தது 8 சதவீதம் கூடினால்தான் வரவும் செலவும் சமமாகும். சாதாவில் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் வண்டி, 95-இல் 16.2 ஓட வேண்டும். அமெரிக்கச் சோதனையில் கிடைத்த 2.7 சதவீதமே உங்களுக்கும் கிடைத்தது என்று தாராளமாக வைத்துக்கொண்டால் 15.4 ஓடும். அப்போது சாதாவில் கிலோமீட்டருக்கு 6.73 ரூபாய், 95-இல் 7.08 ரூபாய். மாதம் 2,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு 700 ரூபாய் கைவிட்டுப் போகிறது.

பெரிய நகரங்களில் 100 என்ற எண்ணோடு விற்கும் பெட்ரோலும் உண்டு. அது விலையில் சாதாவைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். அதில் எத்தனாலே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் வெப்பக் கணக்கில் 7 சதவீதம்தான் கூடுதல். லோடு வண்டிக்காரர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கத் தேவையில்லை.

எப்போது கூடுதல் விலை கொடுக்கலாம்?

கையேடு கட்டாயம் என்று சொன்னால் கொடுக்க வேண்டும். மற்றச் சீர்கேடுகளையெல்லாம் சரிசெய்த பிறகும் ஏற்றத்தில் நாக்கிங் நிற்காத வண்டிக்கு, புளியரை வழியாக வாரத்தில் பலமுறை முழு லோடோடு ஏறுகிறவர், அந்தப் பங்கின் சாதாவைவிட அதன் ஆக்டேன் உண்மையில் கூடுதலாக இருந்தால், கொடுக்கலாம். அங்கே பார்க்க வேண்டியது மைலேஜ் அன்று, பிஸ்டனின் ஆயுள். நாக்கிங்கோடு நெடுநாள் ஓடும் இன்ஜினில் பிஸ்டன் உடைவதும் கேஸ்கெட் போவதும் உண்டு; அந்தச் செலவோடு ஒப்பிட்டால் லிட்டருக்கு எட்டு ரூபாய் பெரிதாகாது. அப்படிப்பட்டவர் எல்லா நாளும் 95 போட வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு வகையும் டேங்கில் கலந்தால் கெடுதல் எதுவும் இல்லை. ஆக்டேன் ஏறத்தாழ இரண்டுக்கும் இடைப்பட்டதாக அமையும். மலை ஏறும் பயணத்துக்கு முந்தைய நிரப்புதலில் மட்டும் 95 போட்டுக்கொண்டு, சமதளத்தில் பாளையங்கோட்டைக்கும் சேரன்மகாதேவிக்கும் ஓடும் நாட்களில் சாதாவுக்குத் திரும்பிவிடலாம்.

இன்ஜினைச் சுத்தம் செய்யும் சேர்மானத்துக்காகப் போட விரும்புகிறவர், சர்வீஸுக்கு முந்தைய ஒரு டேங்கில் போட்டுவிட்டு, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றும்போது கரி எப்படி இருக்கிறது என்று மெக்கானிக்கிடம் கேட்டுப் பார்க்கட்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தொழில் மந்தமாகி வண்டி வாரக்கணக்கில் நிற்பதுண்டு. எத்தனால் ஈரத்தை இழுக்கும் குணம் உடையது; பாதி காலியான டேங்கில் காற்றின் ஈரம் சேர்ந்து, அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் தனியே பிரிந்து அடியில் தங்கிவிடும். அப்படிப் பிரிந்தால் மேலே எஞ்சும் பெட்ரோலின் ஆக்டேனும் குறைந்துபோகும். அந்த நாட்களில் டேங்கை நிரப்பி, மூடியை இறுக மூடி, வண்டியைக் கூரைக்குள் நிறுத்துங்கள். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் மழைக்கு முன்பே மாற்றிவிடுங்கள். திரும்ப எடுக்கும் நாளில் முதல் டேங்கின் மைலேஜை நோட்டில் எழுதினாலும் சராசரியில் சேர்க்காதீர்கள்.